நெருக்கடிக் காலத்தில் இணையவழிச் சிறுவணிகம்



"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆற்றிலே போட்ட பொருள் திரும்பி வரப்போவதில்லை. அங்ஙனமாயின் அதனை அளப்பதனால் வரும் பயன் யாது? போனது இவ்வளவு என்று அறிந்தவனே எஞ்சியிருப்பது இவ்வளவு என்பதனையும் அறிவான் என்பதே அதற்கு விடையாகும். நாட்டிலே பொருளாதார நெருக்கடி சூழ்ந்த வேளையில், இணையத்தின் வழியாகச் சிறுவணிகம் ஒன்றைத் தொடங்க விரும்புவோர்க்கு முதற்கண் வேண்டப்படுவது இந்த அளக்கும் பழக்கமேயாம். அதனை எங்ஙனம் கைக்கொள்வது என்பதையே இன்றைய பேச்சில் எடுத்துரைக்க எண்ணுகின்றேன்.

நெருக்கடி என்பது இன்னதென நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டினை நாம் கண்ணாரக் கண்டவர்கள். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் விலை, மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு ஏற்பட்டது. ஏப்பிரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. சமையல் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் இரவு பகலாக வரிசையிலே காத்துநின்றனர். செப்டெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று, உணவுப் பொருள்களின் பணவீக்கமோ 94.9 சதவீதத்தை எட்டியது. முந்திய ஆண்டில் 100 ரூபாவுக்கு வாங்கிய உணவை வாங்குவதற்கு அப்போது ஏறக்குறைய 195 ரூபா வேண்டியிருந்தது என்பதே இதன் பொருள். 2023 யூலையில் பணவீக்கம் 6.3 சதவீதத்துக்கு இறங்கியது உண்மையே. ஆயினும், இறங்கியது விலை ஏறும் வேகமேயன்றி விலையன்று என்பதனை இல்லத்தரசியர் நன்கறிவர்.

இத்தகைய காலத்திலே வடமராட்சியில் ஒரு குடும்பம் வாழ்கின்றதென வைத்துக்கொள்வோம். குடும்பத் தலைவர் மேசன் தொழில் செய்பவர். சீமெந்தின் விலை ஏறியமையால் வீடு கட்டுவோர் வேலையை நிறுத்திவிட்டனர். அவர் வேலையின்றி இருக்கின்றார். மனைவியார் கைப்பக்குவம் மிக்கவர். அவர் வறுத்து அரைப்பிக்கும் கறித்தூளை அயலவர்கள் விரும்பிக் கேட்பர். பிள்ளைகள் இருவர் பாடசாலைக்குச் செல்கின்றனர். சேமிப்பாக வீட்டில் இருப்பன ஒரு சோடித் தங்கக் காப்புக்களே. "காப்பை அடகு வைப்போம்; அரைக்கும் இயந்திரமொன்றும் ஒரு மூடை செத்தல் மிளகாயும் வாங்குவோம்; முகநூலிலே விளம்பரம் செய்து விற்போம்" என்கின்றார் கணவர். அவ்வம்மையார் யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்குமுன் இணையவழி வணிகத்தின் இயல்பைச் சிறிது ஆராய்வோம்.

தொலைவிலுள்ளோர்க்குப் பொருளனுப்பிப் பணம் பெறுதல் நமக்குப் புதியதன்று. புத்தக விளம்பரத்தைப் பத்திரிகையிற் பார்த்து, கடிதம் எழுதி, தபாற்காரர் பொதியைக் கொண்டுவந்ததும் பணத்தைக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட வி.பி.பி. முறையை மூத்தோர் பலர் அறிவர். அன்று பத்திரிகை விளம்பரம் செய்த வேலையை இன்று கைத்தொலைபேசியின் படம் செய்கின்றது. கடிதத்தின் இடத்தை வட்ஸ்அப் செய்தி பெற்றுள்ளது. பொதியைக் கூரியர் நிறுவனமோ தபாற் கந்தோரோ கொண்டுசெல்கின்றது. ஆகவே கடை வாடகையும், கண்ணாடி அலுமாரியும், முன்பணமும் இல்லாமலே ஒருவர் வணிகராகலாம். தனி இணையத்தளம் அமைப்பதற்குப் பணம் செலவிடுதலும் தொடக்கத்தில் வேண்டியதில்லை.

ஆயின், வாடகை மிச்சமாவது இதன் சிறு நன்மையேயாம். பெருநன்மை வேறொன்று உளது. கடைக்காரர் பொருளை முதலில் வாங்கி வைத்துப் பின்னரே விற்கின்றார். இணையவழி வணிகரோ முதலில் விற்றுவிட்டுப் பின்னர் வாங்கலாம். புதன்கிழமை மாலைவரை வேண்டுவோர் பெயர்களைச் சேர்த்து, பணத்தையும் பெற்றுக்கொண்டு, வியாழனன்று மிளகாயும் மல்லியும் வாங்கி, வெள்ளியன்று வறுத்து ஊர் மில்லிலே அரைப்பித்து, சனியன்று அனுப்பிவிடலாமன்றோ? இம்முறையிலே, கேட்பாரற்ற பொருள் வீட்டிலே தேங்குவதில்லை. கைப்பணம் மூடைக்குள் முடங்குவதுமில்லை. நல்ல காலத்தில் இது வசதி மாத்திரமே; நெருக்கடிக் காலத்தில் இதுவே பாதுகாப்பு.

இப்பாதுகாப்பின் அருமை விலைக் கணக்கிலே விளங்கும். அவ்வம்மையார் 250 கிராம் கொண்ட 100 பொதிகளை ஆயத்தஞ் செய்கின்றார் என்போம். பொதியொன்றுக்கு மிளகாய், மல்லி, சீரகம், மிளகு முதலிய சரக்குக்கு 300 ரூபா, மில் கூலி 15, விறகு 10, உறையும் சுட்டியும் 25. ஆக 350 ரூபா முடிகின்றது. 450 ரூபாவுக்கு விற்கின்றார். பொதிக்கு 100 ரூபா இலாபம் என்று மகிழ்கின்றார். நூறும் விற்றுத் தீர ஒரு மாதம் செல்கின்றது. கையில் 45,000 ரூபா சேர்கின்றது. அதில் இலாபமெனக் கருதிய 10,000 ரூபாவை வீட்டுச் செலவுக்கு எடுத்துக்கொண்டு, மீதி 35,000 ரூபாவுடன் சந்தைக்குச் செல்கின்றார். அங்கே செத்தல் மிளகாயும் மல்லியும் விலை ஏறிவிட்டன. அவை பெரிதும் கடல் கடந்து வருவனவாதலின் டொலருடன் சேர்ந்து ஏறுவன. இப்போது பொதியொன்றுக்குச் சரக்கு 420, மில் கூலி 20, விறகு 10, உறையும் சுட்டியும் 30, ஆக 480 ரூபா வேண்டும். அவர் கையிலுள்ள பணத்துக்கு 72 பொதிகளே செய்யலாம். வீட்டுச் செலவுக்கு ஒரு சதமேனும் எடாதிருந்தாலும் 93 பொதிகளுக்கு மேற் செய்ய இயலாது.

நேயர்களே, அம்மையார் எதனையும் குறைத்து விற்கவில்லை. எவரும் அவரை ஏமாற்றவுமில்லை. எல்லாப் பொதிகளும் விற்பனையாகின. இலாபமும் வந்ததெனவே கணக்குக் காட்டிற்று. எனினும் அவருடைய முதல் கரைந்துவிட்டது. நெருக்கடிக் காலத்தில் பல சிறுவணிகங்கள் விற்பனையில்லாமல் அழிவதில்லை. விற்று விற்றே அழிகின்றன. பொருளை நேற்று வாங்கிய விலையைக் கொண்டு இன்றைய விலையைக் குறிப்பதே இதற்குக் காரணம். நாளைக்கு அதே பொருளை மீண்டும் வாங்க எவ்வளவு வேண்டுமோ, அதனையே அடக்க விலையாகக் கொள்ளுதல் வேண்டும். அதன்மேல் தம் உழைப்புக்குரிய கூலியையும் சேர்த்தல் வேண்டும். அறிவிக்கும் விலை இந்த ஒரு கிழமைக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறிவிடுதல் நன்று. கேட்டபின் வாங்கும் முறையிலே, பணம் பெறும் நாளுக்கும் சரக்கு வாங்கும் நாளுக்கும் இடையே ஒரு நாளே செல்வதால், விலையேற்றம் புகுவதற்கு இடம் மிகச் சிறிது.

இனி, எப்பொருளை விற்பது என்பதனை நோக்குவோம். வருவாய் குறைந்த காலத்தில் மக்கள் வாங்குவதை அறவே நிறுத்துவதில்லை. வாங்கும் வகையை மாற்றுகின்றனர். பெரிய பொதிக்குப் பதிலாகச் சிறிய பொதியைத் தேடுவர். புதியதை வாங்காது பழையதைத் திருத்துவிப்பர். ஆகவே தையல் திருத்தமும், மின்பொருள் திருத்தமும், பாடசாலைப் பை தைத்தலும் தேவைப்படும். வெளிநாட்டுச் சரக்கு வராதபோது உள்ளூர்ச் சரக்கை நாடுவர். இவை மூன்றும் சிறுவணிகர்க்கு வாய்ப்பான துறைகளாம். மேலும், கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் நம்மவர், ஊரிலுள்ள பெற்றோர்க்குப் பலகாரமும் மளிகைப் பொருளும் அனுப்புவிக்க விரும்புகின்றனர். அங்கிருந்து வங்கி மூலம் பணம் வரப் பொருள் இங்கேயே கையளிக்கப்படும். இங்குள்ளோரின் வருமானம் சுருங்கிய காலத்திலும் சுருங்காத வாடிக்கை அது.

உள்ளூர் மாற்றுப் பொருளைப் பற்றி ஓர் எச்சரிக்கை கூறல் வேண்டும். 1970ஆம் ஆண்டின் பின்னர், அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு காரணமாகச் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. யாழ்ப்பாணத்து விவசாயிகள் அவற்றைப் பயிரிட்டுச் செழித்தனர். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் வெளிநாட்டுச் சரக்கு மீண்டும் சந்தையை நிறைக்க, அதே விவசாயிகள் பெரும் நட்டத்துக்கு உள்ளாயினர். 2022 ஓகஸ்ட் மாதத்திலும் பல நூறு வகைப் பொருள்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டது. பின்னர்ப் படிப்படியாகத் தளர்த்தப்பட்டது. தட்டுப்பாட்டினால் பிறந்த வாடிக்கை தட்டுப்பாடு நீங்கியதும் நீங்கும். ஆகையால் அத்தகைய பொருளிலே வரும் இலாபத்தை நிலையானதென நம்பி இயந்திரம் வாங்குதல் தகாது; தரத்தினால் நிலைக்கக்கூடிய பொருளிலேயே முதலை இடுதல் வேண்டும்.

முதல் என்றவுடன் அடகு வைக்க எண்ணிய காப்புக்கள் நம் நினைவுக்கு வருகின்றன. 2022இன் பிற்பகுதியில் அரசாங்கமே திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்துக் கடன் வாங்க வேண்டியிருந்தது. அரசுக்கே அவ்வாறாயின் சிறுவணிகரின் நிலையைக் கூறவும் வேண்டுமோ? வணிகம் நடந்தாலும் நடவாவிட்டாலும் வட்டி நடந்துகொண்டேயிருக்கும். வருமென்று எண்ணும் ஆக்கத்தின் பொருட்டு உள்ள முதலையும் இழக்கச் செய்யும் வினையை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பது வள்ளுவர் கருத்து. ஊரிலே மில் இருக்க, வீட்டிலே இயந்திரம் எதற்கு? பத்துப் பொதிகளுடன் தொடங்கினால் வேண்டும் முதல் சில ஆயிரம் ரூபாவே. அது முழுவதும் போனாலும் பிள்ளைகளின் உணவுக்கும் படிப்புக்கும் ஊறு நேராது. இழந்தாலும் வாழக்கூடிய அளவு எதுவோ, அதுவே நெருக்கடிக் காலத்தில் ஒருவர் இடத்தக்க முதலின் அளவாகும்.

அடுத்து, பொருளைக் கொண்டுசேர்க்கும் வழியை அளத்தல் வேண்டும். 2022 யூலையில் எரிபொருள் அனுமதி முறை வந்தபோது மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெற்றோலே ஒதுக்கப்பட்டது. அக்காலத்தில் இங்கொரு பொதியும் அங்கொரு பொதியுமாக ஓடியவர்கள் எண்ணெய்க்கே உழைத்தனர். கரவெட்டிக்கு ஒரு நாள், பருத்தித்துறைக்கு ஒரு நாள் என வகுத்துக்கொண்டவர்க்கு ஒரே பயணத்திற் பல பொதிகள் சென்றன. எரிபொருள் தாராளமாகக் கிடைக்கும் நாளிலும் இவ்வொழுங்கு சிக்கனமானதே.

முன்பின் அறியாத தூரத்து வாடிக்கையாளர், பொருள் வந்தபின்னரே பணம் தருவோம் என்பர். அவர் அஞ்சுவது நியாயமே. ஆயினும் இம்முறையின் செலவையும் அறிதல் வேண்டும். நான்கு பொதிகள் கொண்ட கட்டு ஒன்றில் 400 ரூபா இலாபம் என்றும், கட்டொன்றின் அனுப்புகூலி 400 ரூபா, அதனை வாங்குபவரே தருவார் என்றும் கொள்வோம். பத்துக் கட்டுக்கள் அனுப்பப்படுகின்றன. எட்டுப் பேர் ஏற்றுக்கொள்ள, இருவர் "வேண்டாம்" என்று திருப்பிவிடுகின்றனர். எட்டுக் கட்டுக்களின் இலாபம் 3,200 ரூபா. திரும்பிய இரண்டின் கூலி 800 ரூபா விற்றவர் தலையில் விழுகின்றது. 4,000 ரூபாவை எதிர்பார்த்த இடத்தில் எஞ்சுவது 2,400 ரூபாவே. அன்றியும், கூரியர் நிறுவனம் திரட்டிய பணம் விற்றவர் கைக்கு வரச் சில நாள்கள் செல்லும். விலைகள் அதுவரை காத்திரா. ஆகவே தொடக்கத்தில் அறிந்தவரிடத்தும், அறிந்தவர் அறிமுகஞ் செய்தவரிடத்தும் முன்பணம் பெற்று விற்பதே தக்கது. புதியவர்க்கு அனுப்புமுன் ஒருமுறை தொலைபேசியிற் பேசி உறுதி செய்துகொள்ளுதல் திரும்பி வரும் கட்டுக்களைப் பெரிதும் குறைக்கும்.

பணம் வந்ததா என்று பார்ப்பதிலும் விழிப்பு வேண்டும். வங்கியிற் செலுத்திவிட்டதாகக் காட்டும் படத்தைக் கைத்தொலைபேசியில் அனுப்பி, பொருளைப் பெற்றுக்கொண்டு மறையும் வஞ்சகர் உளர். அப்படம் பணமன்று. நம் கணக்கிலே தொகை சேர்ந்திருப்பதை நாமே கண்ட பின்னரே பொதியைக் கட்டுதல் வேண்டும். வங்கியிலிருந்து வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை, கேட்பவர் எவராயினும் சொல்லலாகாது.

முகங்காணா இவ்வணிகத்துக்கு நம்பிக்கையே கடைத்தெரு. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர், தாம் வாங்குவதில் மிகையும் கொடுப்பதிற் குறையும் இன்றி நடந்தனர் என்று பட்டினப்பாலை அவர்களைப் பாராட்டுகின்றது. அப்பண்பு இன்றைக்கு எப்படி அமையும்? பகல் வெளிச்சத்தில் எடுத்த உண்மைப் படம். உறையிலே சரியான நிறை. அரைத்த திகதியும் பாவிக்கத்தக்க இறுதித் திகதியும். கேட்ட கேள்விக்கு அன்றைக்கே மறுமொழி. பழுதான பொருளுக்கு வாதாட்டமின்றி மாற்றுப் பொருள். விலை கூடும்போது நிறையைச் சொல்லாமற் குறைப்பவர் ஒருமுறை இலாபம் அடைவர். அவருடைய வாடிக்கையாளர் அதனைப் பத்துப் பேருக்கு எழுதிவிடுவர்.

சட்டத்தின் பக்கத்தையும் மறந்துவிடலாகாது. வியாபாரப் பெயர்களைப் பதிவு செய்வதற்கான கட்டளைச் சட்டம் 1918ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இயற்றப்பட்டது. இந்நாளில் பிரதேச செயலகத்தின் வாயிலாக அப்பதிவைச் செய்துகொள்ளலாம். வியாபாரத்தின் பெயரில் வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் அது வேண்டப்படும். உணவுப் பொருள் விற்போர், 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் வரும் சுட்டி விதிகளைத் தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிதல் நன்று; அவரைத் தேடிச் செல்பவர்க்கு அவர் துணைவரேயாவார். 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இணையத்திலே விற்பவரையும் கட்டுப்படுத்தும். வாங்குபவர் கேட்குமிடத்துப் பற்றுச்சீட்டு வழங்குதல் கடமை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தினால் இணையவழி உடன்பாட்டுக்கும் சட்ட வலு உண்டு. எனவே செய்தியிலே எழுதிய வாக்கும் வாக்கே.

இறுதியாக, ஓர் அப்பியாசக் கொப்பி வாங்குதல் வேண்டும். வந்த பணம், போன பணம், நாளைக்குச் சரக்கு வாங்க வேண்டிய பணம் என மூன்று நிரல்களை அதில் வரைந்து, ஒவ்வோர் இரவும் மறவாது எழுதுக. மூன்றாம் நிரலுக்குரிய பணத்தை வேறொரு பேணியிலோ கணக்கிலோ வைத்து, வீட்டுச் செலவுக்கு அதனைத் தொடாதிருத்தல் வேண்டும். பத்துப் பொதிகளுக்குரிய முதல், மூன்று மாதத்தின் பின்னரும் பத்துப் பொதிகளையோ அதற்கு மேலோ வாங்கப் போதுமாயின், வணிகம் உயிரோடிருக்கின்றது, சிறிது பெருக்கலாம். எட்டுப் பொதிகளுக்கே போதுமாயின், விலையையோ பொருளையோ மாற்றுதல் வேண்டும். அவ்வாறு மாற்றியும் குறைந்துகொண்டே போகுமாயின், நிறுத்திவிடுதலே அறிவுடைமை. அதிலே வெட்கப்படுவதற்கு யாதுமில்லை. அளந்து தொடங்கியவர் அளந்தே நிறுத்தவும் வல்லவராவர். அவர் மீண்டும் ஒருநாள் தொடங்குவதற்குக் கையிலே முதல் இருக்கும்.

வடமராட்சி அம்மையாருக்கு நாம் கூறக்கூடிய விடை இப்போது தெளிவு. காப்புக்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். இந்தப் புதன்கிழமை பத்துப் பேரிடம் கேட்டுப் பார்க்கட்டும். அவர்கள் தரும் பணத்தைக் கொண்டு வியாழக்கிழமை சந்தைக்குச் செல்லட்டும்.